பங்கு விலை கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது, சிஇஓவுக்கு மட்டும் போனஸ். 600 பங்கு வைத்திருப்பவன் ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது?

டூங்காபிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் வீட்டுக் கடன் வட்டி பற்றித்தான் பேச்சு ஓடும். இது கொஞ்சம் வேறு மாதிரியான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஏஎஸ்எக்ஸில் (ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை) இருக்கும் ஒரு கம்பெனியின் 600 பங்குகளைச் சராசரியாக 11 டாலருக்கு வாங்கினேன். பெயர் வேண்டாம். நேற்றைய விலை 6 டாலர் 40 சென்ட். விலை இறங்கியது என் தலையெழுத்து, அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் போன வாரம் ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. கூடவே 140 பக்க ஆண்டறிக்கை. வழக்கமாகத் திறக்கவே மாட்டேன். இந்தத் தடவை மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேனா, திறந்துவிட்டேன்.

கம்பெனி நஷ்டம். டிவிடெண்ட் கிடையாது. 200 பேருக்கு மேல் வேலை போயிருக்கிறது. இதெல்லாம் முன்பக்கங்களில் மெல்லிய குரலில் சொல்லப்பட்டிருக்கிறது. உள்ளே 'ஊதிய அறிக்கை' என்று 22 பக்கம் தனியாக இருக்கிறது. அதில் சிஇஓவின் இந்த ஆண்டு போனஸ், கொடுக்கக்கூடிய உச்சவரம்பில் 78 சதவீதம் என்று போட்டிருக்கிறது. நஷ்டக் கம்பெனியில் நூற்றுக்கு எழுபத்தெட்டு மார்க்! என் மகள் கணக்குப் பாடத்தில் இப்படி வாங்கினால் நான் சந்தோஷப்படுவேன்.

இந்த அறிக்கையை ஏற்கிறீர்களா இல்லையா என்று ஓட்டுப் போடச் சொல்கிறார்கள். அடியில் சின்ன எழுத்தில் 'இது ஆலோசனை ஓட்டு மட்டுமே, போர்டைக் கட்டுப்படுத்தாது' என்று ஒரு வரி. அப்புறம் எதற்கு இந்தக் கூத்து? 'இரண்டு ஸ்ட்ரைக்' என்று ஏதோ விதி இருப்பதாக அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், அவருக்கும் முழுதாகத் தெரியவில்லை. யாராவது நேரில் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு நாள் லீவு போட்டுப் போகலாமா, இல்லை பேசாமல் விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

மெல்பர்ன் மணி:

ப்ரோ, முதலில் உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா என்று பாருங்கள். போன வருஷம் எனக்கு இதே கதை. கமிஷன் குறைவு என்று ஒரு மொபைல் ஆப்பில் வாங்கினேன். அழைப்பு வரவே இல்லை. கேட்டால், பங்கு கஸ்டோடியன் (நம் சார்பில் பங்கை வைத்திருக்கும் நிறுவனம்) பெயரில் இருக்கிறது, பதிவேட்டில் என் பெயரே கிடையாது, பலன் மட்டும்தான் எனக்கு என்றார்கள். செஸ் என்ற பங்குப் பதிவு முறையில் உங்கள் பெயரிலேயே வாங்கியிருந்தால் எக்ஸ் என்று தொடங்கும் ஒரு ஹின் எண் இருக்கும். உங்களுக்குத்தான் அழைப்பு வந்துவிட்டதே, அநேகமாகப் பிரச்சினை இருக்காது. இருந்தாலும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கணக்கர்:

தம்பி, நான் 1988இல் கொழும்பிலிருந்து வந்தவன். முப்பது வருஷம் இங்கே கணக்குப் பிரிவுகளில் குப்பை கொட்டிவிட்டு இப்போது ஓய்வு. அக்டோபர் பிறந்தால் என் மனைவி, "உங்களுக்குக் கொடியேறிவிட்டது" என்று பகிடி பண்ணுவார். ஜூன் 30இல் கணக்கு முடிக்கிற கம்பெனிகள் ஐந்து மாதத்துக்குள் ஏஜிஎம் வைத்தாக வேண்டும். அதனால் எல்லாம் அக்டோபர், நவம்பரில் வந்து குவியும். வருஷத்துக்கு ஏழெட்டுக் கூட்டமாவது போய்விடுவேன். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், தேத்தண்ணியோடு உட்காருங்கள்.

அந்த 'ஆலோசனை' என்ற சொல்லில் இருந்து தொடங்குவோம். ஓம், நூற்றுக்கு நூறு பேர் எதிர்த்தாலும் சிஇஓவுக்குப் போன காசு திரும்பி வராது. முதல் ஐந்தாறு வருஷம் அந்த ஓட்டு வெறும் சத்தமாகத்தான் இருந்தது. 2011 ஜூலையில் சட்டத்தை மாற்றினார்கள். விழுந்த ஓட்டில் 25 சதவீதமோ அதற்கு மேலோ எதிர்த்தால் முதல் ஸ்ட்ரைக். அடுத்த ஆண்டும் அப்படியே நடந்தால் இரண்டாவது. உடனே, அதே கூட்டத்தில், போர்டு முழுவதும் மறுதேர்தலுக்கு நிற்க வேண்டுமா என்று இன்னொரு ஓட்டு. இதைத்தான் ஸ்பில் என்கிறார்கள். அதற்குப் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் 90 நாளுக்குள் தனிக் கூட்டம் கூட்டி, நிர்வாக இயக்குநர் தவிர மற்ற எல்லா இயக்குநரும் திரும்ப நின்று ஜெயிக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த 25தான். பெரும்பான்மை தேவையில்லை. நாலில் ஒருவர் முகம் சுளித்தால் போதும். இன்னொன்று, சம்பளம் வாங்குகிற உயரதிகாரிகளும் இயக்குநர்களும் அவர்களுக்கு நெருங்கியவர்களும் ஊதிய அறிக்கையில் ஓட்டுப் போட முடியாது. நிறுவனரே சிஇஓவாக இருந்து முப்பது சதவீதப் பங்கு வைத்திருந்தாலும் அந்த இடத்தில் அது செல்லாக்காசு. (ஸ்பில் நிறைவேறி அந்தத் தனிக் கூட்டம் நடக்கும்போது மட்டும் அவர் ஓட்டுக்கு உயிர் வந்துவிடும். சட்டம் எழுதியவர்கள் எங்கேயோ ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துவிடுகிறார்கள்.)

ஸ்பில் நிறைவேறுவது அபூர்வம். வெஸ்ட்பாக் வங்கியை எடுங்கள். 2018இல் முதல் ஸ்ட்ரைக். 2019 நவம்பரில், பணப்பரிமாற்றங்களைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று 2 கோடியே 30 லட்சம் மீறல்களை அடுக்கி, பணமோசடியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஸ்ட்ராக் கோர்ட்டுக்குப் போனது. சில நாளில் சிஇஓ விலகினார், தலைவரும் முன்கூட்டியே போவதாக அறிவித்தார். டிசம்பர் ஏஜிஎம்மில் இரண்டாவது ஸ்ட்ரைக்கும் விழுந்தது. அவ்வளவு கோபத்திலும் ஸ்பில்லுக்குப் பத்து சதவீதம்கூடத் தேறவில்லை. பெரிய ஃபண்டுகளுக்கு ஒரு வங்கியின் போர்டை ஒரே நாளில் காலி பண்ணும் துணிச்சல் கிடையாது. நானும் அன்றைக்கு ஸ்பில்லுக்கு எதிராகத்தான் போட்டேன், மறைப்பானேன்.

அப்படியென்றால் விதி பயனற்றதா? குவான்டாஸ் விமான நிறுவனத்தைப் பாருங்கள். 2023 நவம்பரில் மெல்பர்னில் நடந்த கூட்டத்தில் ஊதிய அறிக்கைக்கு எதிராகக் கிட்டத்தட்ட 83 சதவீதம். ரத்தான விமானங்களுக்கு டிக்கெட் விற்ற வழக்கு ஒரு பக்கம், ஏறத்தாழ 1,700 தரைப் பணியாளர்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் (இங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) உறுதிசெய்தது மறுபக்கம். சிஇஓ ஆலன் ஜாய்ஸ் அந்தக் கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே பதவியைவிட்டுப் போய்விட்டார். ஆனால் அவருக்குத் தர வேண்டிய நீண்டகால ஊக்கப் பங்குகள் இன்னும் போர்டின் கையில் இருந்தன. 2024 ஆகஸ்டில் அதிலிருந்து 9.26 மில்லியன் டாலரை வெட்டினார்கள். தலைவரும் மாறினார். அடுத்த ஏஜிஎம்மில் ஊதிய அறிக்கை சிரமமில்லாமல் நிறைவேறியது. 'ஆலோசனை' ஓட்டு செய்கிற வேலை இதுதான். இரண்டாவது ஸ்ட்ரைக் வராமல் இருக்க என்னவெல்லாம் வெட்ட வேண்டும் என்று ஒரு வருஷம் போர்டைத் தூங்கவிடாது.

ஓட்டோடு வேறு நெருப்பும் சேர வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பரில் என்ஏபி வங்கியின் ஊதிய அறிக்கையை 88 சதவீதம் எதிர்த்தது. தலைவர் கென் ஹென்றியும் சிஇஓ ஆண்ட்ரூ தோர்பர்னும் பதவியிலேயே இருந்தார்கள். அடுத்த பிப்ரவரியில், வங்கித் துறை முறைகேடுகளை விசாரித்த ஹெய்ன் ஆணையத்தின் இறுதி அறிக்கை அவர்கள் இருவரையும் பெயர் சொல்லி விமர்சித்த பிறகுதான் விலகுவதாக அறிவித்தார்கள்.

சரி, உங்கள் 78 மார்க்குக்கு வருவோம். அந்த 22 பக்கத்தில் முழுவதையும் படிக்க வேண்டாம். நான் எப்போதும் நேராக ஒரு சொல்லைத் தேடிப்போவேன், 'அண்டர்லையிங்'. அடிப்படை லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படியான கணக்கில் நஷ்டம், அடிப்படைக் கணக்கில் லாபம். எப்படி? ஆளைக் குறைத்த செலவு, கடையை மூடிய செலவு, வாங்கிய கம்பெனியின் மதிப்பை எழுதித் தள்ளியது, இதெல்லாம் 'ஒரு தடவை மட்டும் வருபவை' என்று வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள். சிஇஓவின் போனஸ் அந்த அடிப்படை லாபத்தின்மேல் கணக்கிடப்படும். இப்போது கடந்த மூன்று ஆண்டறிக்கைகளை இறக்கி அதே வரியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தடவை மட்டும் வருவது மூன்று வருஷமும் வந்திருந்தால் உங்கள் கேள்வி கிடைத்துவிட்டது.

அடுத்தது, மதிப்பெண் அட்டை. நிதி இலக்குகள் ஒரு பாதி, 'தலைமைத்துவம்', 'உத்தி', 'பண்பாடு' என்று மறுபாதி. பணம் வரும் பெட்டியில் சுழியம் விழுந்தாலும் பண்பாட்டுப் பெட்டியில் முழு மார்க் விழும். பண்பாட்டை எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். எல்லாரும் ஊதிய அறிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். அழைப்பில் அதற்கு மேலேயோ கீழேயோ 'இயக்குநர் மறுதேர்தல்' என்று இரண்டு மூன்று பெயர் இருக்கும். நிர்வாக இயக்குநர் தவிர யாரும் மறுதேர்தல் இல்லாமல் மூன்று வருஷத்துக்கு மேல் அல்லது மூன்றாவது ஏஜிஎம்முக்கு அப்பால் இருக்க முடியாது என்பது ஏஎஸ்எக்ஸ் விதி. அந்த ஓட்டு ஆலோசனை கிடையாது. பாதிக்கு மேல் ஆதரவு விழாவிட்டால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஊதியக் குழுவின் தலைவர் யார் என்று பாருங்கள். சிஇஓ தனக்குத் தானே 78 போட்டுக்கொள்ளவில்லை, போட்டது அந்தக் குழு. அதன் தலைவர் இந்த வருஷம் நிற்கிறாரா?

நிற்கிறார் என்றால் கூட்டத்துக்குப் போங்கள். நிற்கவில்லை என்றாலும் போங்கள், சாண்ட்விச் நன்றாக இருக்கும்.

எனக்கு நடந்த ஒன்று. ஒரு கம்பெனி, நானும் பெயர் சொல்லமாட்டேன். சரக்கிருப்பின் மதிப்பு எனக்கு இடித்தது. எழுந்து கேட்டேன். தலைவர் சிரித்தபடி தானே பதில் சொல்லத் தொடங்கினார். "மன்னிக்கவும், நான் கேட்டது ஆடிட்டரிடம்" என்றேன். ஏஜிஎம்மில் ஆடிட்டர் இருக்க வேண்டும், பங்குதாரர் அவரிடம் நேரடியாகக் கேட்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். அது சட்டம். முன்வரிசையில் ஒரு மனிதர் தண்ணீர்க் கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடியே எழுந்தார். மைக் அவரிடம் போய்ச் சேர அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் காகிதத்தைப் பார்த்தார்கள். பதில் சுமார்தான். ஆனால் அடுத்த வருஷ அறிக்கையில் அந்தக் குறிப்பு ஒன்றரைப் பக்கமாக நீண்டிருந்தது. என்னால்தான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மனைவியிடம் மட்டும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

டூங்காபிக்காரன்:

ஐயா, கை எடுத்துக் கும்பிடுகிறேன். நேற்று இரவு பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து மூன்று வருஷ அறிக்கையையும் பார்த்தேன். மறுசீரமைப்புச் செலவு மூன்று வருஷமும் இருக்கிறது. மூன்று வருஷமும் 'ஒரு தடவை மட்டும்' பட்டியலில்! என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஊதியக் குழுத் தலைவர் இந்த வருஷம் மறுதேர்தலுக்கு நிற்கிறார், அழைப்பில் தீர்மானம் 3(பி).

மணி, ஹின் எண் இருக்கிறது, நன்றி.

ஒரு சந்தேகம். ப்ராக்ஸி படிவத்தில் (நமக்குப் பதில் ஓட்டுப் போட ஒருவரை நியமிப்பது) எதையும் டிக் பண்ணாமல் கையெழுத்து மட்டும் போட்டால் என்ன ஆகும்? போன வருஷம் அப்படித்தான் அனுப்பினேன் என்று நினைக்கிறேன்.

பழைய கணக்கர்:

என்ன ஆகும், உங்கள் ஓட்டு தலைவர் கைக்குப் போகும். அவர் எப்படிப் போடுவார் என்று படிவத்திலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் எல்லாத் தீர்மானத்துக்கும் ஆதரவு. ஆகப் போன வருஷம் நீங்களே அந்தப் போனஸுக்குக் கைதூக்கியிருக்கிறீர்கள்! சரி விடுங்கள், கன பேர் செய்கிற தவறு. நேரில் போகாவிட்டால் ஒவ்வொரு பெட்டியிலும் டிக் போட்டு, கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே சேரும்படி அனுப்புங்கள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாவிட்டால் ஆஸ்திரேலியப் பங்குதாரர் சங்கத்தின் பெயரை எழுதலாம். 1960இலிருந்து இருக்கிறது, உங்களைப் போன்ற சில்லறைப் பங்குதாரர்களுக்காகவே கூட்டங்களுக்குப் போகிறார்கள். நானும் உறுப்பினன்.

ஃபண்டுக்காரன்:

வாசித்துக்கொண்டே வந்தேன், ஒரு கசப்பான உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் ஒரு சூப்பர் ஃபண்டில் (ஓய்வுக்கால சேமிப்பு நிதி) வேலை செய்கிறேன். ஏஜிஎம் அன்று காலை தலைவர் மேடை ஏறும்போதே முடிவு அவர் பையில் இருக்கும். ப்ராக்ஸி எல்லாம் இரண்டு நாள் முன்பே வந்தாயிற்று. அந்த ஓட்டுகளில் பெரும்பங்கு எங்களைப் போன்ற ஃபண்டுகளுடையது. நாங்களோ செப்டம்பர், அக்டோபரிலேயே தலைவரையும் ஊதியக் குழுத் தலைவரையும் மூடிய அறையில் சந்தித்துவிடுவோம். எப்படி ஓட்டுப் போடலாம் என்று ஃபண்டுகளுக்குச் சொல்லும் ப்ராக்ஸி ஆலோசகர்களின் அறிக்கையும் கையில் இருக்கும். ஐயா சொல்லும் மைக், கிளாஸ் எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும். 600 பங்கு எந்தத் தராசையும் சாய்க்காது.

ஒன்று மட்டும் யோசியுங்கள். உங்கள் சம்பளத்தோடு கூடுதலாக 12 சதவீதம் முதலாளியிடமிருந்து உங்கள் சூப்பருக்குப் போகிறது. அந்தப் பணத்தில் அநேகமாக இதே கம்பெனியின் பங்கும் இருக்கும். உங்கள் பெரிய ஓட்டு அங்கே இருக்கிறது. பெரிய ஃபண்டுகள் எந்தக் கம்பெனியில் எப்படி ஓட்டுப் போட்டோம் என்று தளத்தில் போடுகின்றன. பத்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், உறுப்பினர் ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு எங்களிடம் கேள்வி கேட்டதை நான் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். இப்போது சூப்பர் ஃபண்டுகளும் வருஷத்துக்கு ஒரு உறுப்பினர் கூட்டம் நடத்தியாக வேண்டும். அங்கே போய்க் கேளுங்கள்.

மெல்பர்ன் மணி:

எனக்கு ஒரு சந்தேகம். இயக்குநர்கள் வருஷத்துக்கு இரண்டு லட்சம், மூன்று லட்சம் டாலர் வாங்குகிறார்கள். தப்பு நடந்தால் "எனக்குத் தெரியாது, அதிகாரிகள் சொன்னார்கள், நம்பினேன்" என்று சொல்லித் தப்பித்துவிட மாட்டார்களா?

பழைய கணக்கர்:

மணி, அதைச் சொல்லிப் பார்த்துத் தோற்றவர்கள் இருக்கிறார்கள். சென்ட்ரோ என்று ஒரு ஷாப்பிங் சென்டர் குழுமம். 2007 கணக்கில் ஒரு வருஷத்துக்குள் கட்ட வேண்டிய கடனில் சுமார் 150 கோடி டாலரை நீண்டகாலக் கடன் பட்டியலில் போட்டுவிட்டார்கள். ஆடிட்டரும் பார்க்கவில்லை, நிதிப் பிரிவும் பார்க்கவில்லை. இயக்குநர்கள், நிபுணர்கள் பார்த்துக் கொடுத்ததை நம்பினோம் என்றார்கள். கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஏசிக் வழக்குப் போட்டது. 2011இல் பெடரல் நீதிமன்ற நீதிபதி மிடில்டன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வோர் இயக்குநரும் கணக்கறிக்கையைத் தானே படித்து, தனக்குத் தெரிந்த விஷயங்களோடு ஒப்பிட்டு, இடித்தால் கேட்க வேண்டும். அதை வேறொருவரிடம் ஒப்படைக்க முடியாது என்று தீர்ப்பு. அந்தக் கடன்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியும், அதுதான் அவர்களைக் குத்தியது.

தண்டனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிஇஓவுக்கு 30,000 டாலர் அபராதம். நிதித் தலைவருக்கு இரண்டு வருஷம் பதவித் தடை. மற்ற இயக்குநர்கள் சட்டத்தை மீறினார்கள் என்ற அறிவிப்பு மட்டும். ஆனால் அன்றைக்குப் பிறகு போர்டு காகிதங்களை இயக்குநர்கள் படிக்கும் விதம் மாறிவிட்டது. நான் அப்போது வேலையில் இருந்தேன். எங்கள் போர்டில் இருந்த ஒரு பெரியவர் அதுவரை குறிப்பு எண் கேட்டதே இல்லை. அடுத்த ஆகஸ்டில் பென்சிலோடு வந்து உட்கார்ந்தார்.

ஆஸ்பெஸ்டாஸ் பொருள்கள் செய்த ஜேம்ஸ் ஹார்டி கம்பெனி இன்னொன்று. 2001 பிப்ரவரியில், ஆஸ்பெஸ்டாஸ் நோயாளிகளுக்கான நிதி முழுமையாக இருக்கிறது என்று ஏஎஸ்எக்ஸுக்கு ஓர் அறிவிப்பு. இல்லை. அந்த வரைவை போர்டு ஒப்புக்கொண்டதா என்பதுதான் வழக்கு. ஒப்புக்கொண்டதாகக் கூட்டக் குறிப்பில் இருக்கிறது, இயக்குநர்களோ எங்களுக்கு நினைவில்லை என்றார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் கூட்டக் குறிப்பை நம்பியது. ஏழு வெளி இயக்குநர்களும் மாட்டினார்கள், சுமார் இரண்டு வருஷம் எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக இருக்க முடியாமல் போனது. பதினோரு வருஷம் இழுத்தது, அதுவேறு கதை.

ஃபண்டுக்காரத் தம்பிக்கு: நீங்கள் சொல்வதில் பொய் இல்லை. முடிவு பையில் இருக்கும், சரி. ஆனால் மூடிய அறையில் நீங்கள் கேட்டதும் அவர்கள் சொன்னதும் எங்களுக்குத் தெரியவராது. மேடையில் சொன்னது தெரியும். நாளைக்கு அதைப் பிடித்துக்கொண்டு திரும்பக் கேட்கலாம். அதற்காகத்தான் போகிறேன். சூப்பர் பற்றி நீங்கள் சொன்னது நல்ல யோசனை, நானே செய்ததில்லை. வெட்கம்தான்.

டூங்காபித் தம்பி, கேள்வியைப் பேச்சாக மாற்றாதீர்கள். கன பேர் மைக் கிடைத்ததும் தங்கள் ஆயுள் சரித்திரத்தைத் தொடங்குவார்கள், தலைவருக்கு அது வசதி. ஒரே வாக்கியம் போதும்: "மூன்று வருஷமாக வரும் மறுசீரமைப்புச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் இந்த வருஷ போனஸ் எத்தனை டாலர் வந்திருக்கும்?" எண் கேட்கிற கேள்விக்கு உரை நிகழ்த்த முடியாது. ஊதியக் குழுத் தலைவர் பதில் சொல்லட்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிடுங்கள்.

டூங்காபிக்காரன்:

போய்விட்டு வந்தேன். எழுதாமல் இருந்தால் ஐயா கோபித்துக்கொள்வார்.

சிட்டியில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளம். வாசலில் படிவத்தின் பார்கோடை ஸ்கேன் பண்ணி மஞ்சள் அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதைத் தூக்கினால்தான் மைக் வரும். நாற்பது, ஐம்பது பேர் இருந்திருப்போம். என்னைத் தவிர எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. தலைவர் இருபது நிமிஷம், சிஇஓ இருபத்தைந்து நிமிஷம் பேசினார்கள். 'சவாலான சூழல்' என்று சிஇஓ எத்தனை தடவை சொன்னார் என்று அட்டையின் பின்னால் கோடு போட்டேன், பதினொன்று.

ஊதிய அறிக்கை வந்தபோது அட்டையைத் தூக்கினேன். கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நாலு தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம், இருந்தும் 'மறுசீரமைப்பு' என்ற இடத்தில் நாக்குக் குழறிவிட்டது. ஊதியக் குழுத் தலைவரிடம் கேட்கிறேன் என்றதும் அவர் தலைவரைப் பார்த்தார், தலைவர் தலையசைத்தார், அவர் முன்னால் இருந்த கோப்பைத் திறந்து ஒரு பக்கத்தைத் தேடினார். "போர்டு தன் விருப்புரிமையைக் கவனமாகப் பயன்படுத்தியது" என்று தொடங்கி ஒன்றரை நிமிஷம் பேசினார். எண் வரவில்லை. எனக்கு உட்காரத்தான் தோன்றியது. அப்போது பின்வரிசையில் ஒரு பாட்டி, அட்டைகூடத் தூக்காமல், "அவர் எத்தனை டாலர் என்றல்லவா கேட்டார்?" என்று உரக்கக் கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. "குறைவாக இருந்திருக்கும்" என்றார். எவ்வளவு குறைவு? "அதைக் குறித்துக்கொண்டு பிறகு பதில் தருகிறோம்." கம்பெனி செக்ரட்டரி வந்து என் மின்னஞ்சலை வாங்கிக்கொண்டார். ஒன்பது நாள் ஆயிற்று, இதுவரை ஒன்றும் வரவில்லை.

அன்று மாலை ஏஎஸ்எக்ஸ் அறிவிப்பில் முடிவு வந்தது. ஊதிய அறிக்கைக்கு எதிராக 22.7 சதவீதம். 3(பி)க்கு எதிராக 11. அதாவது ஒன்றும் நடக்கவில்லை. 2.3 சதவீதத்தில் போயிற்று.

சாண்ட்விச் சுமார்தான் ஐயா.

பழைய கணக்கர்:

22.7ஆ! போன வருஷம் எவ்வளவு என்று பார்த்தீர்களா? பழைய அறிவிப்புகளில் இருக்கும். ஐந்தாறிலிருந்து ஏறியிருந்தால் அந்தப் போர்டு இப்போது நிம்மதியாகச் சாப்பிடாது. செக்ரட்டரிக்கு நாளைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மேடையில் அந்த இயக்குநர் சொன்னதை அப்படியே, தேதியோடு எழுதுங்கள். கோபம் வேண்டாம். பங்கை விற்றுவிடாதீர்கள், ஒரு பங்காவது இருந்தால்தான் அடுத்த வருஷம் உள்ளே விடுவார்கள். 3ஒய் அறிவிப்பு ஏதாவது வருகிறதா என்றும் பாருங்கள். இயக்குநர்கள் தங்கள் சொந்தப் பங்கை வாங்கினாலோ விற்றாலோ ஐந்து வேலை நாளுக்குள் கம்பெனி அதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பாட்டியின் தொலைபேசி எண்ணை வாங்கினீர்களா?

ஃபண்டுக்காரன்:

22.7 என்றதும் எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிட்டது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லக் கூடாது. எங்கள் ஓட்டுப் பட்டியல் தளத்தில் வரும்போது ஊதிய அறிக்கை வரியை மட்டும் பாருங்கள். 3(பி)யைப் பார்க்காதீர்கள், அதில் எனக்கும் வருத்தம்தான்.